ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகளை எழுதுவது நீதிபதிகளா, அவர்களுடைய சட்ட உதவியாளர்களா?

லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தைக் கேட்கிறீர்கள் என்றால், முதல் வரைவு பெரும்பாலும் உதவியாளர்களுடையதுதான். அதற்காக நீதிபதிகள் வெறுமனே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

நாட்டுக்கு ஒருவராக அங்கே 27 நீதிபதிகள். ஒவ்வொருவருக்கும் அவரே தேர்ந்தெடுத்த சில சட்ட வல்லுநர்கள் உண்டு, 'ரெஃபெராந்தேர்' என்பார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கிளார்க்குகள் பொதுவாக ஓராண்டில் கிளம்பிவிடுவார்கள். இங்கே பல ஆண்டுகள் இருப்பவர்கள் உண்டு. தன் நீதிபதி ஓய்வுபெற்றதும் அடுத்தவரிடம் சேர்ந்துகொள்பவர்களும் உண்டு.

நீதிமன்றத்தின் உள்வேலை முழுக்கப் பிரெஞ்சில் நடக்கிறது. தீர்ப்பைப் பற்றிய கலந்தாய்வில் நீதிபதிகள் மட்டும்தான். உதவியாளரும் கிடையாது, மொழிபெயர்ப்பாளரும் கிடையாது. பெரும்பாலான நீதிபதிகளுக்குப் பிரெஞ்சு தாய்மொழி அல்ல. மாறுபட்ட தீர்ப்பு எழுதவும் வழியில்லை, எல்லோரும் சேர்ந்து ஒரே தீர்ப்புதான் தர வேண்டும். அதனால் வரைவு எழுதுபவர், பழைய தீர்ப்புகளில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பத்திகளை எடுத்துக் கோக்கிறார். நாலு தீர்ப்பு வாசித்தாலே இது தெரிந்துவிடும் (கொஞ்சம் அலுப்பாகவும் இருக்கும்).

என்னைக் கேட்டால், வரைவைவிட முக்கியமானது அதற்கு முன்னால், வழக்கைப் பொறுப்பேற்ற நீதிபதி தரும் முதல்நிலை அறிக்கை. வழக்கை எத்தனை நீதிபதிகள் விசாரிப்பது, அட்வகேட் ஜெனரலின் (தீர்ப்புக்கு முன் தன் சுதந்திரமான சட்டக் கருத்தைச் சொல்லும் நீதிமன்ற உறுப்பினர்) கருத்து தேவையா என்பதையெல்லாம், நீதிபதிகளும் அட்வகேட் ஜெனரல்களும் சேர்ந்து உட்காரும் உள்கூட்டம் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அதைத் தயாரிப்பதிலும் ரெஃபெராந்தேரின் கை இருக்கும். அது வெளியே வராது.

11 அட்வகேட் ஜெனரல்களின் கருத்து அப்படியல்ல, எல்லோரும் படிக்கலாம். நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. 1963இல் வான் கெண்ட் என் லூஸ் வழக்கில், சுங்க வரி பற்றிய ஐரோப்பிய ஒப்பந்த விதியைக் காட்டிக் குடிமக்கள் தங்கள் நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாக உரிமை கேட்க முடியாது என்றார் அட்வகேட் ஜெனரல் கார்ல் ரோமர். நீதிமன்றம் முடியும் என்றது. ஐரோப்பியச் சட்டத்தின் அடித்தளமே அந்தத் தீர்ப்புதான். ஆக, அட்வகேட் ஜெனரல் தோற்றாரா ஜெயித்தாரா என்று சொல்லிவிடலாம். ரெஃபெராந்தேர் விஷயத்தில் அது முடியாது.

அப்புறம், அங்கேயே வளர்ந்து மேலே வந்தவர்களும் உண்டு. 2015இல் நீதிமன்றத்தின் தலைவரான கூன் லெனார்ட்ஸ் 1980களில் நீதிபதி ரெனே ஜோலியேவிடம் ரெஃபெராந்தேராக இருந்தவர். பிரான்சிஸ் ஜேக்கப்ஸ், எலினார் ஷார்ப்ஸ்டன் இருவரும் அதே வேலை பார்த்துவிட்டுப் பின்னாளில் அட்வகேட் ஜெனரல் ஆனவர்கள்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு. அங்கே வரைவு எழுதுவது பதிவகத்தின் சட்ட அலுவலர்கள். மாறுபட்ட கருத்தும் வெளியாகும்.