மறு: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாள் பயணம், கொழும்பில் எந்தக் கண்காட்சி?

வணக்கம் அக்கா. உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் மகளோடு இரவு பஸ்ஸில் வந்து, அன்றிரவே திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே நாளில் ஐந்தாறு கூடங்களுக்கு ஓடாதீர்கள், பிள்ளை களைத்துவிடும். மூன்று போதும்.

விடிய வெள்ளவத்தையில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு முதலில் தேசிய அருங்காட்சியகம் போங்கள். பொலன்னறுவைச் சிவாலயத்தில் கிடைத்த வெண்கல நடராசர் முன்னால் மகளை அரை மணித்தியாலமாவது இருத்தி வரையச் சொல்லுங்கள். படத்தில் பார்ப்பது வேறு, சுற்றி நடந்து பார்ப்பது வேறு. காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், பாரசீகத்தோடு தமிழும் பொறித்த கல். தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது. அதைத் தேடிப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

அப்புறம் பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் நிலையம். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943இல் தொடங்கிய '43 குழு' என்ற நவீன ஓவியர் குழுவினரின் ஓவியங்கள் அங்கே சுவர் நிறைய இருக்கின்றன. அந்தக் குழு ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் கோடுகளைக் கிட்ட நின்று பார்த்தால் மகளுக்கு நிறையப் பிடிபடும். என் மனதுக்கு மிக நெருங்கிய இடம் அது.

பின்னேரம் லயனல் வென்ட் கலைக்கூடம். அங்கே கண்காட்சிகள் அடிக்கடி மாறும். ஒன்று முடிந்து அடுத்தது தொங்கும்வரை கூடம் வெறுமையாக இருக்கும். டிக்கெட் போட முன்னர் சபுமலுக்கும் வென்ட்டுக்கும் ஒருக்கால் போன் பண்ணித் திறந்திருக்கும் நாளைக் கேட்டுவிடுங்கள்.