மல்ஹாலண்ட் டிரைவ் படத்தில் அந்த நீலச் சாவி எதைத் திறக்கிறது?

டேவிட் லிஞ்சின் இந்த 2001 படத்தில் நீலச் சாவி ஒன்றல்ல, இரண்டு. பலரும் குழம்புவது இங்கேதான்.

கடைசிப் பகுதிதான் நிஜம், அதற்கு முன் வருவதில் பெரும்பகுதி டயானின் கனவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு கிடைக்காத நடிகை அவள். காதலி கமிலாவோ நட்சத்திரமாகி, இயக்குநர் ஆடமையே மணக்கப் போகிறாள். வயிற்றெரிச்சல் தாங்காமல் டயான் கொலைகாரனை ஏற்பாடு செய்கிறாள். வேலை முடிந்தால் நீலச் சாவி உன் கைக்கு வரும் என்கிறான் அவன். "இது எதைத் திறக்கும்?" என்று கேட்கிறாள். அவன் சிரிக்கிறான், அவ்வளவுதான். எதையும் திறக்காத சாவி அது. கமிலா செத்துவிட்டாள் என்பதற்கான அடையாளம்.

கனவில் வேறு வடிவத்தில் ஒரு சாவி, அதுவும் பணக்கட்டுகளோடு கமிலாவின் கைப்பையில்! நிஜத்தில் டயான் கூலிப்பணம் கொண்டுபோனதும் கைப்பையில்தான். அப்போது உணவகத்தில் பரிமாறிய பெண்ணின் சட்டையில் 'பெட்டி' (Betty) என்ற பெயர். கனவில் டயானுக்கு அதுவே பெயராகிறது. கமிலா அங்கே பழைய நினைவுகளை இழந்து இவளையே அண்டி நிற்கிறாள். ஆடமுக்கோ அடிமேல் அடி. பொறாமை எழுதிய திரைக்கதை, வேறென்ன! கனவில் வரும் ஒரு சின்ன நீலப் பெட்டகத்தை அந்தச் சாவி திறந்ததும் கனவு கலைகிறது.

அப்புறம், ஒரே காட்சியோடு காணாமல்போகும் போலீஸ்காரர்களுக்கு அர்த்தம் தேடாதீர்கள். அமெரிக்காவின் ஏபிசி சேனல் நிராகரித்த டிவி தொடரின் முன்னோட்டப் பகுதியை வளர்த்துத்தான் லிஞ்ச் இதைப் படமாக்கினார். அந்தத் தொடரின் மிச்சம்தான் அவர்கள்.