"ராத்திரி மட்டும்தான் டாக்டரம்மா": தினக் குடி பற்றிக் கேள்வி பதில்

டெல்டா மாவட்டங்களின் அரசு ஆஸ்பத்திரிகளில் 31 வருஷம் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "ராத்திரி மட்டும் கொஞ்சம் சாப்பிடுவேன், அது தப்பா?" என்று ஓபி சீட்டை நீட்டியபடி கேட்டவர்கள் எத்தனையோ பேர். பின்னால் வரிசை நிற்கும், ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த மனக்குறை இன்னும் இருக்கிறது. அதனால் இந்த முறை இதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். யார் பெயரும் போடவில்லை, ஊர் மட்டும்.

ஒரத்தநாடு: வயசு 46. பன்னிரண்டு வருஷமா ராத்திரி ஒரு குவார்ட்டர், அதுக்கு மேல தொட்டதில்ல. குடிச்சிட்டு யாரையும் ஒரு வார்த்தை பேசினதில்ல. விடிகாலை வயல்ல நிப்பேன். இது உடம்பைக் கெடுக்குமா?

கெடுக்கும் தம்பி. நீங்கள் சத்தம் போடாமல் குடிக்கிறீர்கள் என்பது வீட்டுக்கு நிம்மதி. ஈரலுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவார்ட்டர் என்றால் 180 மில்லி. பிராந்தி, ரம், விஸ்கி எதுவானாலும் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அதாவது அதில் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். மோர் குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி 9 மணிக்குக் குடித்தால் விடியற்காலை 3 மணி வரை, சிலருக்கு 5, 6 மணி வரை ஈரலுக்கு அந்த ஒரு வேலைதான். அது முடிந்து பகலில் மூச்சு விடுவதற்குள் அடுத்த ராத்திரி வந்துவிடுகிறது.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீரைக் கட்டிக்கொண்டே இருந்தால் வேர் என்ன ஆகும்? உங்கள் ஈரலுக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பாய்ச்சல் மட்டும்தான். வருஷத்துக்கு 65 லிட்டர், பெரிய குடத்தில் நாலு குடத்துக்கு மேலே வரும்.

உள்ளே நடப்பது இது. ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற விஷப்பொருளாக மாறும், அதன் பிறகுதான் கேடில்லாத பொருளாகும். இந்த வேலையில் இருக்கும்போது ஈரல் கொழுப்பை எரிக்காது, தனக்குள்ளேயே தேக்கும். ஸ்கேனில் "ஃபேட்டி லிவர்" என்று எழுதித் தருவது அதைத்தான். அடுத்தது வீக்கம், அதற்கடுத்து தழும்பு. தழும்பு கூடிக்கூடி ஈரல் சுருங்கி இறுகுவதுதான் சிரோசிஸ். தினம் குடிக்கும் எல்லாருக்கும் அது வருவதில்லை, உண்மைதான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் வழி கிடையாது. கொழுப்பு நிலையிலேயே நிறுத்தினால் சில வாரங்களிலேயே ஈரல் தேறும். அதனால் 46 வயதில் இந்தக் கேள்வியைக் கேட்டதே பெரிய காரியம். 56-ல் கேட்டிருந்தால் இந்தப் பதில் இவ்வளவு நம்பிக்கையாக இருந்திருக்காது.

எவ்வளவு வரை பரவாயில்லை என்றும் பலர் கேட்டிருக்கிறீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது. குறைத்தால் குறைத்த அளவுக்கு நன்மை உண்டு.

மன்னார்குடி: ரத்தம் எடுத்துப் பார்த்தேன், லிவர் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்துருச்சு. அப்ப தொடரலாமா?

அந்தத் தாளை அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லிவர் டெஸ்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி இரண்டும் இன்றைக்கு ஈரல் செல்கள் உடைகின்றனவா என்று காட்டும். பல வருஷமாகச் சேர்ந்த தழும்பைக் காட்டாது. ஈரல் சுருங்கிப்போன பிறகும் அந்த எண்கள் சரியாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்.ஜி.ஓ.டி மற்றதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் குடிதான் காரணமோ என்று சந்தேகப்படுவோம். ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருக்கிறதா, வயிற்று ஸ்கேனில் ஈரலும் மண்ணீரலும் எப்படி இருக்கின்றன, இதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்ல முடியும். எத்தனை வருஷமாக எவ்வளவு என்பதை டாக்டரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். குவார்ட்டரைக் "எப்பவாவது" என்று சொன்னால் நாங்களும் தப்பான இடத்தில்தான் தேடுவோம்.

பாபநாசம்: முட்டை, கறின்னு நல்லா சாப்பிட்டுக் குடிச்சா ஒண்ணும் பண்ணாதுங்கறாங்க. ஃபாரின் சரக்குன்னா இன்னும் நல்லதாமே?

சாப்பாடு இருந்தால் மெதுவாக ரத்தத்தில் ஏறும். ஈரல் கரைக்க வேண்டிய மொத்த அளவு பெரிதாக மாறாது. ஃபாரின் சரக்கிலும் அதே ஆல்கஹால்தான்.

திருத்துறைப்பூண்டி: நாள் முழுக்க சேத்துல நின்னா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வருது.

இந்த வலி பொய்யில்லை. நடவு சமயத்தில் வரும் ஆண், பெண் எல்லாரின் இடுப்பையும் முழங்காலையும் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டிங் வலியை ஆற்றுவதில்லை, இரண்டு மணி நேரம் மறைத்து வைக்கிறது. தூக்கமும் அப்படித்தான். படுத்ததும் கண் சொக்கும். போதை இறங்க இறங்க, பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுவதால் எழுந்து எழுந்து போவீர்கள், நாக்கு வறளும். தொண்டைத் தசை தளர்ந்து குறட்டை கூடும், சிலருக்கு மூச்சே நின்று நின்று வரும். காலையில் அலுப்போடு எழுந்து, அந்த அலுப்புக்கு அன்றைக்கும் ஒரு கட்டிங்.

நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் இன்னும் மோசமாகத் தோன்றும், பயப்படாதீர்கள். வெந்நீர்க் குளியல், வலிக்கு டாக்டர் தரும் மாத்திரை, இடுப்புக்குப் பிசியோதெரபி என்று பாருங்கள். தினம் குடித்துக்கொண்டே பாராசிட்டமாலை இஷ்டத்துக்கு விழுங்காதீர்கள், அதுவும் ஈரலைத்தான் போய்ச் சேரும். இன்னொன்று: ராத்திரி பத்தரைக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டு நாலு மணிக்கு மதகு பார்க்க பைக்கை எடுக்கிறவர்களுக்கு ரத்தத்தில் இன்னும் சட்ட வரம்பான 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வாய்ப்பு உண்டு. தெளிந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

கும்பகோணம்: சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. சரக்கும் மாத்திரையும் சேரக் கூடாதுன்னு, குடிக்கிற அன்னைக்கு ராத்திரி மாத்திரையை விட்டுடுறேன். சரிதானே?

தினம் குடிக்கிறவர் தினம் மாத்திரையை விடுகிறார், அவ்வளவுதான் இதற்கு அர்த்தம். பக்கவாதத்தோடு வந்த பலரிடம் விசாரித்தபோது இதுதான் கதை. மாத்திரையை நிறுத்தாதீர்கள், மற்றதை நிறுத்துங்கள். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் விடியற்காலையில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும். வியர்த்து, உளறி, நினைவில்லாமல் கிடப்பவரைப் "போதையில் தூங்குது" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எழுப்பி எழாவிட்டால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பிரஷருக்கு நல்ல சேதி ஒன்று உண்டு. தினக் குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே அது இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஐயம்பேட்டை: ஈரலை விட்டா வேற எதுக்கும் ஆபத்து இல்லதானே? வெத்தலை சீவல் பழக்கமும் உண்டு.

உண்டு தம்பி. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1988-லேயே சேர்த்துவிட்டார்கள். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம், இத்தனை இடங்களிலும். சீவலும் தனியாகவே புற்றுநோய் தரக்கூடியது, புகையிலை அதைவிட மோசம். மூன்றும் ஒரே வாயில் சேரும்போது ஆபத்து பல மடங்காகும். கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போவது, இதில் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் டாக்டரிடமாவது காட்டிவிடுங்கள்.

சீர்காழி: மஞ்சக்காமாலை வந்துச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கிறேன். இறங்கினதும் பழையபடி குடிக்கலாமா?

வேண்டாம் ஐயா, கையெடுத்துக் கேட்கிறேன். குடியால் வந்த காமாலைக்குக் குடியை விடுவதுதான் மருந்து, மற்றதெல்லாம் அதற்குத் துணை. நாட்டு மருந்தை நம்பி நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கால் வீக்கம், வயிற்றில் தண்ணீர் கோத்தல், கறுப்பாக மலம், ரத்த வாந்தி, பேச்சில் தடுமாற்றம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

நாச்சியார்கோவில்: வருஷா வருஷம் கார்த்திகையில மாலை போட்டா 48 நாள் தொடவே மாட்டேன். அப்ப நான் அடிமை இல்லதானே?

அந்த 48 நாளை நான் ரொம்ப மதிக்கிறேன். உங்களால் முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கே கை எங்கே போகிறது? அதைப் பாருங்கள். நாற்பத்தெட்டு நாளும் அந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்றால் உங்கள் கேள்விக்கு அதுவே பதில். அடுத்த முறை மாலையைக் கழற்றும் முன் ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே ஏழு வாரம் கடந்த மனிதருக்கு உதவுவது எங்களுக்கும் எளிது.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்தப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வருஷக்கணக்காக அதிகம் குடித்தவர் திடீரென்று விட்டால் சிலருக்கு உயிருக்கே ஆபத்து. காலையில் வார்டில் டீ வாங்கும் ஒரு பெரியவர் ஞாபகத்தில் இருக்கிறார். கை நடுக்கத்தில் டீ முழுக்கச் சிந்திவிடும். அதனால் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, ஒரு முனையையும் டம்ளரையும் வலது கையில் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். இடது கையால் மறுமுனையைக் கீழே இழுக்க இழுக்க, கிணற்றில் வாளி ஏறுவது மாதிரி டம்ளர் வாய்க்கு வந்து சேரும். அறுவடைக்கு அரிவாள் பிடித்த கை அது.

கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் சிலருக்கு இல்லாத ஆள் தெரிவது, பூச்சி ஊர்வது, இடம் தெரியாமல் ஓடுவது எல்லாம் நடக்கும். பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தை இழந்தவர்கள் உண்டு. இது மருந்தால் சரியாகும். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்து, நடுக்கம் அடங்க மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் தருவோம். எழுந்ததும் கை நடுங்குகிறவர், காலையில் ஒரு வாய் குடித்தால்தான் நிதானத்துக்கு வருகிறவர், முன்பு வலிப்பு வந்தவர், நீங்கள் வீட்டில் தனியாக நிறுத்தாதீர்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிச் சமாளிக்கவும் வேண்டாம்.

வேதாரண்யம்: கள்ளு இயற்கைதானே?

இயற்கையாகப் புளித்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான், கடைச் சரக்கைவிட வீரியம் குறைவு. 1987-லிருந்து தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. விவசாயிகள் கோரிக்கை வேறு விஷயம், தினம் குடித்தால் ஈரல் கணக்கு இதற்கும் உண்டு.

திருவையாறு: பிள்ளை பெத்த மகளுக்கு குளிருக்கு ஒரு ஸ்பூன் பிராந்தி கொடுக்கலாமா?

கூடாது. தாய்ப்பாலில் போகும். சளி பிடித்த குழந்தைக்கும் தரவே கூடாது.

பேராவூரணி: 2018 கஜா புயல்ல எங்க தென்னந்தோப்பு மொத்தமும் சாஞ்சு போச்சு. அதுக்கு அப்புறம்தான் வீட்டுக்காரர் தினம் குடிக்க ஆரம்பிச்சார். சாப்பாட்டுல கலந்து கொடுத்தா குடியை மறக்கடிக்கிற பொடி இருக்காமே, வாங்கலாமா?

வாங்காதீர்கள் அம்மா. அப்படி ரகசியமாக விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்மையிலேயே உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், நான் மேலே சொன்ன அசிட்டால்டிஹைடு கரையாமல் உடம்பில் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து, பிரஷர் விழும். உயிரே போகலாம். அதனால்தான் ஈரலையும் இதயத்தையும் சோதித்து, அவரிடமே விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் தருவோம். தெரியாமல் குழம்பில் கலந்துவிட்டால், அவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டரைத் திறப்பார். மிச்சத்தை நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது தோப்புதான். பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள் ஒரே ராத்திரியில் போனதை அவர் யாரிடமாவது உட்கார்ந்து பேசியிருக்கிறாரா? குடிக்குக் கீழே மனச்சோர்வு இருக்கலாம், குடி அதை இன்னும் ஆழமாக்கும். குடியை மட்டும் பிடுங்கிவிட்டுத் துக்கத்தை அப்படியே விட்டால் மனிதர் தாங்க மாட்டார். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருப்பார். குடி ஆசையைக் குறைக்க இப்போது வேறு மாத்திரைகளும் உண்டு. "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்கிற மாதிரி அவர் பேசினால் லேசாக எடுக்காதீர்கள், நேராகவே கேளுங்கள். பூச்சிமருந்து டப்பாவை இன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். 14416 அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வலங்கைமான்: நான் பன்னிரண்டாவது படிக்கிறேன். அப்பா தினமும் குடிக்கிறார். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

கண்ணு, அவர் குடிப்பதற்கு நீ காரணமில்லை, உன் மார்க்கும் காரணமில்லை.

ராத்திரி பேசாதே. காலையில், காபி குடிக்கும் நேரத்தில், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு. "குடிக்காதீங்க" என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார். நீ பார்த்ததை மட்டும் சொல்: "நேத்து ராத்திரி தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சுப்பா, நான் முழிச்சுக்கிட்டே இருந்தேன்." பிறகு ஒன்றே ஒன்று கேள்: பிரஷரும் ஈரலும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று. அதற்குப் பெரும்பாலான அப்பாக்கள் மறுப்பதில்லை. முதல் தடவை மறுத்தாலும் அடுத்த வாரம் இன்னொரு காலையில் கேள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அந்த அட்டைகளையும் பையில் போட்டுக்கொள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.