நுவரெலியா பக்கம் மூடிக்கிடக்கும் தேயிலை ஸ்டோரை (தொழிற்சாலையை) கழற்றி, எண்ணெய் ஊறிய மண்ணைத் துப்புரவாக்க வாழ்க்கை வட்டப் பகுப்பாய்வு உதவுமா?

உதவும். ஒரு வேலையின் தொடக்கம் முதல் முடிவு வரை சுற்றாடலுக்கு வரும் சுமையைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு அது. ஆனால் எந்த வழி ஆபத்தில்லாதது என்று அது சொல்லாது. ஆபத்தில்லாத வழிகளுக்குள் எது சுற்றாடலுக்குக் குறைந்த சுமை என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே முதலில் மண்ணையும், கீழே லயத்துக்குப் போகும் பீலித் தண்ணீரையும் சோதியுங்கள். அந்தத் தண்ணீரைக் காப்பாற்றாத வழியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

இந்தப் பகுப்பாய்வுக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 14040 சொல்லும் நான்கு படிகளில் பலர் சறுக்குவது, நோக்கத்தையும் எல்லையையும் வகுக்கும் முதற்படியில்தான். ஒப்பிடும் அலகு 'ஒரு தொன் மண்' என்றால், தேவையில்லாமல் தோண்டுவதும் நல்ல வேலையாகத் தெரியும். 'இந்த நிலம் முழுவதும் குடியிருக்கத் தக்கதாவது' என்று வையுங்கள்.

அடுத்தது லொறிக் கணக்கு. 100 கன மீற்றர் மண் சுமார் 160 தொன். 10 தொன் லொறியில் 16 நடை. எண்ணெய் மண்ணை எரிக்கப் புத்தளம் சீமெந்துச் சூளைக்குப் போய்வர ஏறக்குறைய 400 கிலோமீற்றர். லீற்றருக்கு 3 கிலோமீற்றர் ஓடினால் 2,130 லீற்றர் டீசல், அதாவது 5.7 தொன் காபனீரொட்சைட்டு. குழியை நிரப்பக் கொண்டுவரும் மண்ணுக்கும் இதே மாதிரிக் கணக்கு உண்டு, அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அங்கேயே குவித்து நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைப்பது தாளில் மலிவு. ஆனால் நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. 30 பாகையில் எடுத்த சிதைவு வேகத்தைப் போட்டால் கணக்கில் வரும் காலம், உண்மையில் பிடிக்கும் காலத்தில் பாதிகூட வராது. காபன், நைதரசன், பொஸ்பரசு 100:10:1 இருக்கட்டும் (நைதரசனுக்கு யூரியா போடலாம்). குவியல் இரண்டு மீற்றரைத் தாண்டினால் நடுவில் காற்று போகாது. மழைக்குப் படங்கு மூடாவிட்டால் எண்ணெயும் யூரியாவும் ஓடைக்கு. டீசல் சிதையும், ஃபர்னஸ் ஒயில் இழுத்தடிக்கும். தெளிமருந்து வைத்த அறையின் மண்ணில் செம்பு இருந்தால் (1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்த பிறகு தெளித்தது) எத்தனை வருடம் கிண்டினாலும் அப்படியே கிடக்கும். அதை வேறாகப் பிரியுங்கள். டிரான்ஸ்போமர் ஒயிலில் பி.சி.பி. என்ற நச்சு இரசாயனம் 50 பி.பி.எம்.மைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் முன் பழைய இரும்புக்காரரை உள்ளே விடாதீர்கள்.

ரோலர், ட்ரையர் இரும்பை விற்பதால் கிடைக்கும் சுற்றாடல் வரவை (புது இரும்பு செய்வது மிச்சமாவதை) எந்த வழியின் கணக்கிலும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். எந்த வழியிலும் அது ஒன்றுதான். சேர்த்தால் உண்மையான வித்தியாசம் அதற்குள் மறைந்துவிடும். இந்தப் பகுப்பாய்வு தரும் நச்சுத்தன்மைப் புள்ளிகளில் இரண்டு மடங்கு வித்தியாசம் வித்தியாசமே இல்லை, அவற்றைக் கணிக்கும் கணித மாதிரிகளின் பிழையே அதைவிடப் பெரிது.

மண்சரிவுக்கு இந்தக் கணக்கில் நிரலே கிடையாது. சரிவின் அடியைத் தோண்டும் வழி என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். தோண்டுவதை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிக்கப் பாருங்கள்.