பட்டறை கேள்வி-பதில்: அலுமினியத்தில் பெயின்ட் ஏன் உரிகிறது?

கேள்வி: ஒரு மின்னணுக் கருவிக்காக அலுமினியத் தகட்டை வெட்டி, மடித்துப் பெட்டி செய்தேன். ஸ்ப்ரே பெயின்ட் மூன்று கோட் அடித்தேன். இரண்டே மாதத்தில், நகத்தால் சுரண்டினால் தாள் தாளாக உரிகிறது. பெயின்ட் மட்டமானதா?

பெயின்ட்டின் மேல் பழி போடாதீர்கள். தாளாக உரிந்தால் அது அடிப்பரப்பைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். கடையிலிருந்து வரும் தகட்டின் மேல் உருட்டாலை எண்ணெய், கைரேகைப் பிசுக்கு, நாள்பட்ட ஆக்சைடு எல்லாம் படிந்திருக்கும். அதற்கு மேல் எத்தனை கோட் அடித்தாலும் பிடிக்காது.

இருக்கிற பெயின்ட்டை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். முதலில் எண்ணெய், பிறகுதான் உப்புத்தாள். இந்த வரிசை மாறினால், தேய்க்கும் கோடுகளுக்குள்ளேயே எண்ணெயை அழுத்திவிடுவீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் கழுவி, காய்ந்ததும் அசிட்டோனில் நனைத்த துணியால் துடையுங்கள். அது ஆவியாகும் முன் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தால் எண்ணெய் இடம்தான் மாறும்.

அடுத்து 320 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுவதும் போய் ஒரே மாதிரி மங்கும்வரை தேயுங்கள். மூலைகளுக்கு ஸ்காட்ச் பிரைட் பட்டை நல்லது. இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பிறகு துருப்பிடித்துப் பெயின்ட்டுக்கு அடியில் புள்ளி புள்ளியாக எழும்பும். கூரான விளிம்புகளை அரை மில்லிமீட்டராவது உருட்டிவிடுங்கள். ஈரப் பெயின்ட் கூர்முனையிலிருந்து விலகி ஓடுவதால், உரிதல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இப்போது ஒரு சோதனை. சுத்தமான தண்ணீரை மேலே ஊற்றுங்கள். முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. உடையாத படலமாகப் பரவி நின்றால் பரப்பு தயார். அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நன்றாக உலரவிட்டு அன்றைக்கே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள்.

உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் என்றால் ஒரே ஒரு மெல்லிய கோட் போதும், அடியில் உலோகம் மங்கலாகத் தெரிய வேண்டும். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம்தான் பிடிப்பைத் தருகிறது. தடித்து அடித்தால் அமிலம் உள்ளேயே தங்கி, பூச்சு பலவீனமாகிவிடும். இது தண்ணீரைத் தடுக்காது என்பதால், டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மேல்பூச்சு வர வேண்டும். ஈரமான இடத்தில் இருக்கப்போகும் பொருளுக்கு இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இப்பாக்சி பிரைமர்தான் நல்லது. இந்த இரண்டு பிரைமரையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளரே அனுமதித்தாலொழிய, எட்ச் பிரைமரில் மிஞ்சிய அமிலம் இப்பாக்சி இறுகுவதைக் கெடுக்கும்.

மேல்பூச்சை 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக அடியுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே ஸ்க்ரூ முடுக்காதீர்கள். எனாமல் பெயின்ட் உள்ளே இறுக ஒரு வாரம் கொடுங்கள். உங்களுடையது மின்னணுப் பெட்டி, ஆகவே எர்த் ஒயர் தொடும் இடத்தைப் பெயின்ட் அடிக்கும் முன் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே பூச்சு ஏறினால் எர்த் கிடைக்காது.

கேள்வி: எனக்குப் பெயின்ட் வேண்டாம், உலோகத்தின் மினுமினுப்பே வேண்டும். கிளியர் லாக்கர் (நிறமில்லாத பூச்சு) அடிக்கலாமா?

கண்ணாடிபோல பாலிஷ் செய்ததென்றால் எங்கள் ஓட்டு மெழுகுக்குத்தான். வழவழப்பான பரப்பில் லாக்கருக்குப் பிடிமானம் இல்லை. ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் ஈரம் உள்ளே போய், பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளை இழைகள் ஓடும். அதைச் சரிசெய்ய மொத்தப் பூச்சையும் எடுத்தாக வேண்டும். மெழுகு தேய்ந்தால் மறுபடி தடவினால் முடிந்தது. பாலிஷின் எண்ணெயை அசிட்டோனால் துடைத்துவிட்டு, கார்னோபா மெழுகை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். மறுநாள் இன்னொரு முறை. அடிக்கடி கைபடும் பொருளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மெழுகு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகும், சூடேறும் பாகங்களுக்கு ஆகாது.

ஸ்காட்ச் பிரைட்டால் ஒரே திசையில் கோடிழுத்த மங்கல் பரப்பு என்றால் லாக்கர் ஓரளவு நிற்கும்.

கேள்வி: காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் அழகான மேட் பரப்பு கிடைக்கும் என்று கேள்விப்பட்டுச் செய்தேன். கரி பூசியது போலக் கறுத்துவிட்டது.

அந்தக் கறுப்பு, உலோகக் கலவையில் இருந்த தாமிரம், சிலிக்கான் போன்றவை. காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்துவிட, இவை கரையாமல் மேலே மிஞ்சும். வார்ப்புப் பாகங்களில் சிலிக்கான் அதிகம், அதனால் கறுப்பும் அதிகம். ஆலைகளில் இதை நைட்ரிக் அமிலம் போன்றவற்றில் முக்கி நீக்குகிறார்கள். வீட்டில் அந்த வேலை வேண்டாம். நிறையத் தண்ணீரில் அலசி, நைலான் பட்டையால் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். மரைகள் இருந்தால் சோதித்துப் பாருங்கள், கரைந்து தளர்ந்திருக்கலாம். கரைசலிலிருந்து எழுந்த குமிழ்கள் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் பெயின்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி வருகிறது.

இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி; அதில் கரைவது அலுமினியம். நைலான் வாஷரும் துளைக்குள் நைலான் புஷ்ஷும் (சிறு குழாய் போன்ற உறை) போட்டு இரண்டையும் பிரியுங்கள். புஷ் போட இடமில்லை என்றால் மரையில் லானோலின் கிரீஸ் தடவுங்கள். அலுமினியத்தை மட்டும் பெயின்ட் அடித்து ஸ்டீலை வெறுமனே விடுவது இன்னும் மோசம். அரிப்பு முழுவதும் பெயின்ட்டில் உள்ள ஒரே கீறலில் குவிந்து ஆழமாகக் குழிக்கும். ஸ்க்ரூ தலைக்கும் சேர்த்து அடியுங்கள்.

கேள்வி: ஒன்றோடொன்று உரசி நகரும் பாகங்களுக்கு எந்தப் பெயின்ட் நல்லது?

எதுவுமில்லை. வெறுமனே விட்டு கிரீஸ் போடுங்கள், அல்லது அந்தப் பாகத்தை மட்டும் அனோடைசிங் (மின்சாரத்தால் மேலே கடினமான ஆக்சைடு படலம் வளர்ப்பது) செய்பவரிடம் கொடுங்கள்.