ஜாவொலூஷன் படித்தால் வேலை கிடைக்குமா?

தம்பி, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ‘ஜாவொலூஷன் தெரிந்தவர் தேவை’ என்று விளம்பரம் வரும் என நினைத்துக் காத்திருக்க வேண்டாம். அது நேரக் கெடு தவறக்கூடாத (ரியல்டைம்) வேலைகளுக்காக ஜாவாவில் எழுதப்பட்ட பழைய லைப்ரரி, அந்தப் பெயரைக் கேள்விப்படாத அதிகாரிகள்தான் இன்டர்வியூவில் பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அதன் சோர்ஸ் கோடைப் படித்து நேரத்தை வீணடிக்கிறாய் என்று உங்கள் அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு என்பது கல்லூரிப் பாடத்தில் சரியாக மனதில் ஏறுவதே இல்லை. ஜாவாவின் அர்ரேலிஸ்ட் என்ற பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், இடம் நிரம்பியதும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிய அர்ரே ஒன்றை உருவாக்கி, பழையதை அப்படியே அதில் நகலெடுக்கும். சாவியைக் கொடுத்து மதிப்பைத் தேடும் ஹேஷ்மேப், முக்கால்வாசி நிரம்பியதும் இரட்டிப்பாகி, உள்ளே இருப்பதை எல்லாம் மறுபடி பிரித்து அடுக்கும். சராசரியில் இந்தச் செலவு தெரியவே தெரியாது. அந்த ஒரு தடவை பார்த்து இயந்திரக் கையை நிறுத்தச் சொல்லும் கட்டளை வந்தால்தான் தெரியும்! ஜாவொலூஷனின் பட்டியலான ஃபாஸ்ட்டேபிள் மொத்தமாக நகலெடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது இதற்காகத்தான். இதைக் கோடில் பார்த்துப் புரிந்துகொண்டவருக்கு, வாகனக் கட்டுப்பாடு, மருத்துவக் கருவி, தொழிற்சாலை ரோபோ, பங்கு வர்த்தக மென்பொருள் என்று எங்கே போனாலும் பேச விஷயம் இருக்கும்.

அதனால் ரெஸ்யூமேவில் லைப்ரரியின் பெயரை மட்டும் போடாதீர்கள், அளந்ததைப் போடுங்கள். ஒரே லூப்பை அர்ரேலிஸ்ட், ஃபாஸ்ட்டேபிள் என்று இரண்டு விதமாகவும் பத்து லட்சம் முறை ஓட்டி, சராசரியை ஓரமாக வைத்துவிட்டு, மிக மோசமான நேரம் எவ்வளவு, அது எப்போது வந்தது என்று வரைபடம் போடுங்கள். ஆரம்பத்தில், ஓடும்போதே கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜேஐடி கம்பைலர் சூடேறும் வரை வரும் எண்களைத் தனியாகப் பிரியுங்கள். அப்புறம், பயன்படாத மெமரியைத் துடைத்தெடுக்கும் கார்பேஜ் கலெக்டரை மாற்றிப் பாருங்கள். லைப்ரரி என்னதான் ஒழுங்காக நடந்துகொண்டாலும் கார்பேஜ் கலெக்டரோ ஆபரேட்டிங் சிஸ்டமோ நடுவே புகுந்து, ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் த்ரெட்டை நிறுத்தினால் அது ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் அந்த வரைபடமே காட்டிக்கொடுக்கும். (ஜாவாவில் புது வரையறைகளுக்கான கோரிக்கைகளை ஜேஎஸ்ஆர் என்று எண்ணிடுவார்கள். ரியல்டைம் வரையறைதான் ஜேஎஸ்ஆர் 1, அதாவது அந்த வரிசையிலேயே முதல் எண். அவ்வளவு பழைய தலைவலி இது.)

இன்டர்வியூவுக்கு என்று ஒரே ஒரு கதை படிப்பதானால் 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கதையைப் படியுங்கள். முன்னுரிமை குறைந்த ஒரு டாஸ்க் பூட்டைக் கையில் வைத்திருக்க, முன்னுரிமை அதிகமான டாஸ்க் அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்க, இரண்டுக்கும் நடுவில் இருந்த இன்னொன்று ஓடிக்கொண்டே இருக்க, வேலை கெடுவுக்குள் முடியாததால் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. பூட்டை வைத்திருக்கும் டாஸ்க்குக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் என்ற வசதியைப் பூமியிலிருந்தே ஆன் செய்து சரிசெய்தார்கள். ஏன் அப்படி ஆனது என்று போர்டில் வரைந்து காட்டத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சரி, அடுத்து என்ன? இந்தத் துறையில் வேலைகள் பெரும்பாலும் சி, சி++ பக்கம்தான். ஃப்ரீஆர்டிஓஎஸ், ஸெஃபிர் என்ற ரியல்டைம் ஆபரேட்டிங் சிஸ்டங்கள் இரண்டுமே ஓப்பன் சோர்ஸ். லினக்ஸிலும் 2024-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து, அதை ரியல்டைமுக்கு ஏற்றதாக்கும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி மூலக் கர்னலிலேயே சேர்ந்துவிட்டது, தனியாகப் பேட்ச் தேடி அலைய வேண்டியதில்லை. இதில் ஏதாவது ஒன்றை எடுத்து அதே அளவீட்டை அங்கேயும் செய்யுங்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற ஆசை வரும், வேண்டாம்.

சி இன்னும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜாவொலூஷனில் ஸ்ட்ரக்ட் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது, சி-யின் ஸ்ட்ரக்சர் மெமரியில் எப்படி அடுக்கப்பட்டிருக்குமோ அதே அடுக்கில் ஜாவாவிலிருந்து படிக்கவும் எழுதவும் செய்யப்பட்டது. இந்த வாரம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே ஸ்ட்ரக்சரைச் சி-யிலும் எழுதி, இரண்டின் பைட்டுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அலைன்மென்ட், பைட் வரிசை இரண்டையும் பற்றித் தேடிப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.