வாசலில் மாட்டிய மோஷன் சென்சார் லைட் யாருமே இல்லாதபோது எரிகிறது, ஆள் வந்தால் எரிவதில்லை. மாற்றிவிடலாமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். உங்கள் எலக்ட்ரீஷியன் “பீஸ் போயிடுச்சு, புதுசு போட்டுக்கலாம்” என்று சொல்லியிருப்பார், நீங்களும் பாதி நம்பியிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிக் கழற்றிப் போட்ட லைட் இன்று கொல்லைப்புறத்தில் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் இருப்பது திருச்சியில். ராத்திரி தெருவில் ஈ காக்கா இருக்காது, வாசல் லைட் மட்டும் எரியும், அணையும், மறுபடி எரியும். என் மாமியார் அதற்குச் சொன்ன காரணத்தை எழுதினால் இங்கே வேறு விவாதம் ஆரம்பித்துவிடும். புதிதாக மாட்டிய லைட்டும் அதே ஆட்டம் ஆடியது. சரி என்று நானே ஸ்டூல் போட்டு ஏறி, சென்சார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன். நேர் எதிரே பக்கத்து வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட்! ஸ்டூலில் நின்று காரணம் கேட்பது நான், எலக்ட்ரீஷியன் பதில் சொன்னதோ கீழே நின்ற என் கணவரிடம். அவருக்கு ஃப்யூஸ் போடக்கூடத் தெரியாது. அது கிடக்கட்டும்.

இந்த லைட்டுகளில் பெரும்பாலும் இருப்பது பிஐஆர் சென்சார். அது ஆளைப் பார்ப்பதில்லை, உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் உணர்கிறது. முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ் எதிரே உள்ள இடத்தைப் பல துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குச் சூடு நகர்ந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு. ஏசி ஓடி அந்தப் பக்கம் சட்டென்று சூடானாலும் அதே கணக்குதான். சென்சார் தலையைக் கேட் பக்கம் திருப்பி, ஏசியைப் பார்க்கும் பகுதி லென்ஸில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். அன்றோடு நின்றது. (அந்த ஏசித் தண்ணீர் எங்கள் காம்பவுண்டுக்குள் சொட்டுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.)

ஆள் வந்தால் எரியாததற்கும் காரணம் பெரும்பாலும் மாட்டிய இடம்தான். குறுக்கே நடப்பவரை சென்சார் உடனே பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கேட்டுக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில், இரண்டு இரண்டரை மீட்டர் உயரத்தில் மாட்டிப் பாருங்கள். லென்ஸில் சிலந்தி வலை இருந்தால் துடைத்துவிடுங்கள். ‘லக்ஸ்’ என்ற திருகை நிலாப் படத்தின் பக்கம் ஒட்ட வைத்திருந்தால் நன்றாக இருட்டினால்தான் எரியும். தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தாலே பகல் என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் நம் ஊர் வெயில். மே மாதம் சாயங்காலம் சுவரின் சூடும் நம் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. மழை பெய்து சுவர் குளிர்ந்ததும் தானாகச் சரியாகிவிடும். இதைச் சொன்னால் எலக்ட்ரீஷியன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நான் வயரிங் படித்தவள் இல்லை. படித்தவர்கள் ரேடார் மாடலை விட்டுவிட்டாயே என்று வருமுன் சொல்லிவிடுகிறேன்: அது மைக்ரோவேவில் வேலை செய்வது, கண்ணாடி, மெல்லிய கதவு தாண்டியும் அசைவை உணரும், டேப் ஒட்டிப் பயனில்லை. எவ்வளவு சின்ன அசைவுக்கு எரிய வேண்டும் என்று வைக்கும் ‘சென்ஸ்’ திருகைக் குறைப்பதுதான் வழி. எதைத் தொட்டாலும் மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள். மறுபடி போட்டதும் ஒரு நிமிடம் பொறுங்கள், சென்சார் நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் ஆகும்.

கரண்ட் போய் வந்ததிலிருந்து அணையாமல் எரிகிறதென்றால் சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள். சில மாடல்கள் சட்டென்று போய் வரும் கரண்டை ‘எப்போதும் எரி’ என்று எடுத்துக்கொள்ளும். அணைந்த பிறகும் எல்இடி மங்கலாகத் தெரிந்தால், சுவிட்சை ஃபேஸ் வயரில் (கரண்ட் வரும் வயர்) போடாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் வயர்) போட்டிருக்கிறார்களா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் பார்த்தும் பகலிலும் இரவிலும் அணையவே இல்லையா? உள்ளே ரிலே, அதாவது லைட்டைப் போட்டு அணைக்கும் குட்டி சுவிட்ச், ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது தாராளமாக மாற்றுங்கள். வாங்கும்போதே வாரண்டி அட்டையில் கடை சீல் போட்டு வாங்கிவிடுங்கள். எங்களுக்கு விற்றவர், வெயில் மழை படும் இடத்தில் மாட்டினால் வாரண்டி கிடையாது என்றார். லைட்டின் டப்பாவில் கொட்டை எழுத்தில் ‘அவுட்டோர்’ என்று போட்டிருந்தது.